பிளெனிம் ஏரி தானாக வந்ததா? கேபபிலிட்டி பிரவுன் பற்றிக் கொஞ்சம் விரிவாக

"இங்கிலாந்தில் இருக்கும் பிளெனிம் அரண்மனைப் படங்களைப் பார்த்தால் ஒரு ஏரி, பெரிய புல்வெளி, அங்கங்கே மரம், தூரத்தில் மேயும் ஆடுகள், அவ்வளவுதான். இதைக் கேபபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்காரர் வடிவமைத்தார் என்கிறார்கள். இருந்ததை இருந்தபடியே விட்டதற்கா இவ்வளவு பெயர்?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. அவர் உயிரோடு இருந்தபோதே கேட்கப்பட்டதுதான்.

அந்தப் படத்தில் இருந்தபடியே விட்டது என்று அநேகமாக எதுவுமே இல்லை. ஏரி வந்தது 1764-க்குப் பிறகு. அதற்கு முன்னால் அங்கே ஓடியது கிளைம் என்ற சின்ன ஆறு, ஆறு என்பதுகூட மரியாதைக்குத்தான். அதைக் கால்வாய்களாகப் பிரித்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஜான் வான்பரோ என்ற கட்டடக் கலைஞர், உள்ளுக்குள் அறைகள் எல்லாம் வைத்து, ஒரு பிரம்மாண்டமான பாலத்தை எழுப்பிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு பெரிய பாலத்துக்குக் கீழே அவ்வளவு சின்ன நீரோட்டம்! பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிண்டல் செய்தார்கள். நான்காவது மார்ல்பரோ டியூக் பிரவுனை அழைத்தபோது அவர் பாலத்தைத் தொடவே இல்லை. ஆற்றைக் கீழ்ப்போக்கில் மறித்துக் கரை போட்டார். தண்ணீர் பின்வாங்கி ஏறி, பள்ளத்தாக்கை நிரப்பி, பாலத்தின் கீழ்த்தள அறைகளையும் மூழ்கடித்து நின்றபோது பாலத்தின் உயரம் குறைந்து, அதற்கேற்ற அகலத்தில் தண்ணீரும் கிடைத்துவிட்டது. கரையைத் தாண்டி வழியும் தண்ணீருக்குப் பாறைகளை அடுக்கி அதை ஓர் அருவியாக்கினார். அரண்மனைக்குத் தெற்கே ஹென்றி வைஸ் கட்டம் கட்டமாகப் போட்டிருந்த பழைய பூந்தோட்டத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புல்லை வாசல்படி வரைக்கும் கொண்டுவந்தார். பத்து வருடம் நடந்த வேலை இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரவுனைப் பெரும்பாலும் கலைஞர் என்று எழுதுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அவரைப் புரிந்துகொள்ள நல்ல வழி, மண்ணும் தண்ணீரும் தெரிந்த ஒரு பெரிய கான்ட்ராக்டராகப் பார்ப்பதுதான். அழகு எல்லாம் அதற்கு மேல் வந்து உட்கார்ந்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். லான்சலட் பிரவுன் என்பது முழுப்பெயர். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் கர்க்ஹார்ல் என்ற சிற்றூர். 1716 ஆகஸ்ட் 30-ல் ஞானஸ்நானம். அப்பா விவசாயம் பார்த்தவர். அம்மா அர்சுலா ஊர்ப் பெரிய வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். பையனுக்கு நாலு வயதுகூட நிறையாதபோது அப்பா போய்விட்டார். இருந்தும் பக்கத்து ஊரான கேம்போவில் 16 வயது வரை பள்ளிக்கூடம் போனான், அந்தக் காலத்துக்கு அந்தக் குடும்பத்தில் இது சாதாரணமில்லை. அண்ணன்களில் ஒருவர் நில அளவைக்காரர், இன்னொருவர் கல்வேலைக்காரர். பள்ளி முடிந்ததும் பையன் சர் வில்லியம் லொரேன் என்பவர் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். 23 வயது வரை அங்கேதான். பிற்காலத்தில் பெரிய ஆளான பிறகு இந்தப் பிறந்த ஊருக்கும் ஒரு ஏரித் திட்டம் வரைந்து கொடுத்திருக்கிறார், அது அப்போது நடக்கவில்லை. 1980 வாக்கில் அந்த வரைபடம் அகப்பட்டது, அதைப் பார்த்து இந்த நூற்றாண்டில் ஏரியை வெட்டியும் விட்டார்கள்.

1739-ல் தெற்கே கிளம்பினார். லிங்கன்ஷைர், பிறகு ஆக்ஸ்போர்டுஷைரில் கிடிங்டன் ஹால், அங்கே ஒரு ஏரி வேலை. 1741-ல் பக்கிங்ஹாம்ஷைரில் ஸ்டோ என்ற இடத்துக்கு, லார்டு கோபம் (Cobham) என்ற பிரபுவிடம். இதுதான் திருப்பம். ஸ்டோ அன்றைக்கு இங்கிலாந்திலேயே அதிகம் பேசப்பட்ட தோட்டம். வில்லியம் கென்ட் என்ற ஓவியர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். இத்தாலியில் படித்தவர், நேர்கோடுகளை உடைக்கத் தொடங்கியவர். அடுத்த வருடமே பிரவுன் தலைமைத் தோட்டக்காரர், சம்பளம் ஆண்டுக்கு 25 பவுண்டு. கென்டுக்குக் கண் இருந்தது, பிரவுனுக்குக் கண்ணோடு கையும் இருந்தது. எத்தனை ஆள், எத்தனை நாள், எந்த மண் நிற்கும், எது சரியும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அங்கே கிரேக்கப் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் பனிக்காலத்து ஆறு குடைந்துவிட்டுப் போன பள்ளம் என்றே நினைப்பீர்கள். 23,500 கன கெஜம் மண்ணை மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் எடுத்த பள்ளம் அது. 1744-ல் ஸ்டோ தேவாலயத்திலேயே பிரிட்ஜெட் வேயட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். லார்டு கோபம் தாராள மனசுக்காரர், தன் நண்பர்களின் தோட்டங்களைப் போய்ப் பார்த்துக் கொடுக்க பிரவுனை விட்டார். 1749-ல் லார்டு கோபம் இறந்தார். 1751-ல் பிரவுன் குடும்பத்தோடு லண்டனை ஒட்டிய ஹாமர்ஸ்மித்துக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார்.

அந்த 1751-லேயே எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் வாரிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, "பிரவுன் என்று ஒருவர்" நன்றாகச் செய்திருக்கிறார், கென்டின் சில யோசனைகளை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியிருக்கிறார் என்று கடிதத்தில் எழுதுகிறார். பிரவுன் என்று ஒருவர்!

தொழில் எப்படி நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குதிரையில் வருவார், எஸ்டேட்டைச் சுற்றிப் பார்ப்பார், "உங்கள் இடத்தில் நல்ல கேபபிலிட்டி (மேம்படுத்த வாய்ப்பு) இருக்கிறது" என்று முதலாளியிடம் சொல்வாராம், பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டியது என்பார்கள். பிறகு சர்வேயர் வந்து அளப்பார். ஜான் ஸ்பையர்ஸ் என்பவர் இந்த வேலையைப் பல வருடம் பார்த்தார். அளந்த படத்தின் மேல் பிரவுன் திட்டம் போடுவார். முதலாளி சரி என்றால் எழுத்தில் ஒப்பந்தம்: இன்னின்ன வேலை, இத்தனை தொகை, இத்தனை தவணை. வேலையை நடத்த ஒரு மேஸ்திரி அங்கேயே தங்குவார். நத்தானியேல் ரிச்மண்ட், ஆடம் மிக்கிள், சாமுவேல் லாப்பிட்ஜ் போன்றவர்கள் இப்படி வளர்ந்தவர்கள், ரிச்மண்ட் பின்னால் தனித் தொழிலும் நடத்தினார். பிரவுன் வருடத்துக்குச் சில முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். இன்றைய கல்யாண கான்ட்ராக்ட் மாதிரி, பணத்தைக் கொடுத்தால் போதும், பந்தலிலிருந்து பந்தி வரை அவர் பொறுப்பு. வீடு கட்டிக் கொடுப்பது, பாலம், குதிரை லாயம், தேவாலயம் எல்லாமே சேர்த்துத்தான். அதனால்தான் ஒரே சமயத்தில் பத்து மாவட்டங்களில் அவர் வேலை நடக்க முடிந்தது. 1760-களில் அவர் வருமானம் ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை போனது என்கிறார்கள். ஸ்டோவில் வாங்கிய 25 பவுண்டை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஏரிக்கு வருவோம். பிரவுன் ஏரி என்றால் பெரும்பாலும் தோண்டிய ஏரி என்று நினைத்துவிடக் கூடாது. தோண்டுவது செலவு. பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடமாகப் பார்த்து, குறுக்கே உறுதியான மண் வரும் வரை வாய்க்கால் போல வெட்டி, அதில் களிமண்ணைக் கொத்திப் போட்டு, தண்ணீர் விட்டு, ஆட்களையும் குதிரைகளையும் விட்டு மிதித்து, அது காய்வதற்குள் அடுத்த அடுக்கு, அப்புறம் அடுத்தது. கரையின் நடுவில் இப்படி ஒரு களிமண் சுவர் எழும்பும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். இரண்டு பக்கமும் சாதாரண மண்ணைச் சரித்து, புல்கரணை பதித்து, மரத்தையும் நட்டுவிட்டால் அது கரை என்றே தெரியாது. தரை நல்ல களியாக இருந்தால் ஏரியின் அடியில் வேலை குறைவு, இல்லையென்றால் அடியிலும் களிமண் பூச வேண்டியதுதான். பர்லி எஸ்டேட்டில் நிலத்துக்குள் நீலக்களி ஓடுவதைக் கண்டுபிடித்து அதை வைத்தே 26 ஏக்கர் ஏரியை அமைத்தார் என்று சொல்வார்கள். ஏரியின் இரண்டு முனைகளும் ஒருபோதும் நேராகத் தெரியாது. ஒரு வளைவில் மரத்துக்குப் பின்னால் போய் மறையும், அல்லது ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்து காணாமல் போகும். பார்ப்பவர் மனம் தானாகவே அதை ஆறு என்று எடுத்துக்கொள்ளும். சில இடங்களில் வேறு வேறு மட்டத்தில் இரண்டு ஏரிகள் இருக்கும், நடுவில் இருக்கும் கரையைப் பாலமோ தோப்போ மறைத்துவிடும், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரே நீர்ப்பரப்பு.

ஆடுமாடுகள் வீட்டுப் படியேறி வராமல் இருப்பதற்கும் ஒரு தந்திரம் உண்டு, ஹா-ஹா. ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிவான புல், இரண்டும் தரை மட்டத்துக்குக் கீழே. வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் புல் தொடர்ச்சியாகப் போகிறது, பள்ளம் கண்ணில் படாது. மாடு பக்கமிருந்து பார்த்தால் சுவர். இது பிரவுன் கண்டுபிடித்ததில்லை, அவருக்கு முன்பே சார்லஸ் பிரிட்ஜ்மேன் ஸ்டோவில் போட்டிருந்தார். ஆனால் இங்கிலாந்து முழுக்க இதைப் பரப்பியதில் பிரவுனுக்குப் பெரிய பங்கு.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எஸ்டேட்டின் வெளி எல்லையைச் சுற்றி ஒரு பட்டையாக மரம் நடுவார். உள்ளே இருப்பவருக்கு எல்லை எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது, பக்கத்து ஊர்க்காரன் வயலும் தெரியக் கூடாது. நடுவில் சின்னச் சின்னத் தோப்புகள், அப்புறம் தனி மரங்கள். ஓக், பீச், எல்ம், லைம்தான் அதிகம், வீட்டுக்குப் பக்கத்தில் லெபனான் சீடார். ஏற்கனவே வளர்ந்த மரம் தேவைப்பட்டால் அதையும் பெயர்த்துக் கொண்டுவருவார். அதற்கென்று ஒரு வண்டி: இரண்டு பெரிய சக்கரம், அச்சில் நீளமான ஒரு கம்பம். கம்பத்தை நிமிர்த்தி மரத்தின் தண்டோடு கட்டி, கம்பத்தின் நுனியைக் கீழே இழுத்தால் நெம்புகோலாக மரம் வேர்மண்ணோடு எழும்பிப் படுத்துக்கொள்ளும், அப்படியே குதிரை பூட்டி இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மிச்சமெல்லாம் கன்றுகள்தான். நட்ட பிரபுவுக்கு அந்த மரங்கள் பெரிசானதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, பிரவுனுக்கும் இல்லை. நாம் இன்று படத்தில் பார்ப்பதுதான் அவர்கள் நினைத்த அளவு. எல்ம் மரங்கள் 1970-களில் பரவிய நோயில் போய்விட்டன, 1987 அக்டோபர் புயலில் தென் இங்கிலாந்தில் ஏராளமானவை சாய்ந்தன. அதனால் இன்று பார்ப்பதிலும் ஒரு பகுதி மறுபடி நட்டதுதான்.

க்ரூம் கோர்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தனித் தொழிலில் அவருடைய முதல் பெரிய வேலை அது. வூஸ்டர்ஷைரில் ஏர்ல் ஆஃப் கவென்ட்ரி என்ற பிரபுவின் இடம். சதுப்பு. குதிரை கால் வைத்தால் புதையும் நிலம். அந்த ஏர்ல் துணிந்து, அதுவரை பெரிய வீடு எதுவும் கட்டியிராத இந்த முப்பத்தைந்து வயதுக்காரரிடம் வீட்டையும் நிலத்தையும் சேர்த்தே ஒப்படைத்தார். பிரவுன் தரைக்கடியில் செங்கல் வடிகால்களைப் போட்டுத் தண்ணீரை எல்லாம் ஒரு பக்கமாக இழுத்து, கையால் வெட்டிய ஒரு ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய தேவாலயத்தை இடித்துவிட்டுக் குன்றின் மேல் புதிதாகக் கட்டினார்கள். அதாவது நிலம் காய்ந்தது, அந்தத் தண்ணீரே அலங்காரமாகவும் ஆனது. ஏர்ல் பிற்பாடு ஏரிக்கரையில் பிரவுனுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார், சதுப்பிலிருந்து இந்தத் தோட்டக்காட்சியை உருவாக்கியவர் என்று அதில் பொறித்திருக்கிறது. (உபரித் தகவல்: 1979 முதல் 1984 வரை அந்த வீடு ஹரே கிருஷ்ணா இயக்கத்தாரிடம் இருந்தது. பிரபுவின் கூடத்தில் பஜனை நடந்திருக்கிறது.)

பிரவுன் புத்தகம் எதுவும் எழுதவில்லை. சில கடிதங்கள், நிறைய வரைபடங்கள், ஒரு கணக்குப் புத்தகம், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவுதான். தன் முறையைப் பற்றி அவர் பேசியதாக எனக்கு மிகவும் பிடித்தது, 1782 டிசம்பரில் ஹாம்ப்டன் கோர்ட்டில் எழுத்தாளர் ஹன்னா மோரிடம் சொன்னது. விரலை நீட்டிக் காட்டி, "அதோ, அங்கே ஒரு கமா வைக்கிறேன்; இன்னும் தெளிவான திருப்பம் வேண்டிய இடத்தில் ஒரு கோலன்; பார்வையைக் கொஞ்சம் மறிக்க வேண்டிய இடத்தில் ஒரு அடைப்புக்குறி; அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி, பிறகு அடுத்த விஷயத்தைத் தொடங்குகிறேன்" என்றாராம். எழுத்தாளரிடம் பேசும்போது இப்படிச் சொல்லத் தெரிந்திருக்கிறது. டியூக்கிடம் பேசும்போது வேறு மாதிரி பேசியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு விற்றது? ரசனை மட்டும் காரணமில்லை. பழைய பிரெஞ்சு முறைத் தோட்டத்துக்கு வெட்ட, கத்தரிக்க, களை எடுக்க வருடம் முழுக்க ஆள் வேண்டும். பிரவுன் தோட்டத்தில் புல்லை ஆடு வெட்டும், கம்பளியும் கறியும் மிச்சம். எல்லைத் தோப்பு நாளைக்கு மரமாக விற்கும், இன்றைக்கு வேட்டைக்குப் பறவைகள் ஒதுங்கும். வண்டியோட்ட வளைந்த பாதை இருக்கிறது, ஏரியில் மீன் இருக்கிறது. அந்தக் காலத்தில் பொதுமேய்ச்சல் நிலங்களை நாடாளுமன்றச் சட்டம் போட்டு வேலியடைத்துக்கொண்டிருந்தார்கள், பிரபுக்களின் கையில் தொடர்ச்சியான நிலம் சேர்ந்தது. கண்ணுக்கு எட்டியவரை வேலியே தெரியாத தோட்டம் அந்த மாதிரி முதலாளிக்குத்தான் கட்டுபடியாகும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். யார்க்‌ஷைரில் ஹேர்வுட் வீட்டுக்காரர் எட்வின் லாசெல்ஸ். குடும்பச் செல்வம் பார்படோஸ் சர்க்கரையிலிருந்து, அதாவது அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. சர்ரேயில் கிளேர்மான்ட் எஸ்டேட்டுக்காரரை நமக்கு நன்றாகவே தெரியும்: ராபர்ட் கிளைவ். 1744-ல் சென்னைக்கு எழுத்தராக வந்து, 1751-ல் ஆற்காட்டில் பெயர் வாங்கி, 1753-ல் புனித ஜார்ஜ் கோட்டை மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட அதே கிளைவ். பெரும்பணம் சேர்ந்தது வங்காளத்தில். ஊருக்குத் திரும்பி கிளேர்மான்டை வாங்கியதும் வான்பரோ கட்டிய பழைய வீட்டை இடித்துவிட்டு, மேட்டு நிலத்தில் புது வீடு கட்ட பிரவுனைப் பிடித்தார். அந்த வேலைக்கு வில்லியம் சேம்பர்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞரும் முயன்று தோற்றார், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுனும் பின்னால் அவர் மருமகனான ஹென்றி ஹாலண்டும் சேர்ந்து கட்டினார்கள். செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது என்பார்கள்.

இங்கேதான் அந்தப் பெட்டிக் கதை. கிளைவ் பிரவுனிடம் ஒரு பெரிய பெட்டியைக் காட்டி, இது ஒரு காலத்தில் முழுக்கத் தங்கமாக இருந்தது என்றாராம். பிரவுன், "படுக்கையறைக்கு இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு உங்களால் தூங்க முடிகிறதே, சந்தோஷம்" என்கிற மாதிரி பதில் சொன்னாராம். எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் சொல்லி வழங்கும் கதை இது. சொன்ன வார்த்தை அப்படியேதானா என்பது வேறு விஷயம். சம்பளம் தரும் ஆளிடம் இப்படிப் பேசக்கூடியவர் என்று பிரவுனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அதே சமயம் அந்தப் பெட்டியிலிருந்து வந்த பணத்தை அவர் வாங்காமல் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1774 நவம்பரில் கிளைவ் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். கிளேர்மான்டில் சௌகரியமாக வாழ அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஏரிகளுக்கும் புல்வெளிகளுக்கும் வழிவிட்டு ஜனங்களும் நகர வேண்டியிருந்தது. டார்செட்டில் மில்டன் அபாஸ் இன்று கூரை வேய்ந்த ஒரே மாதிரி வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கும், காலண்டரில் போடுகிற ஊர். அது பழைய ஊர் இல்லை. பழைய ஊர் ஒரு சந்தை நகரம், லார்டு மில்டனின் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது, அவருக்கு அது பிடிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி இடித்துத் தள்ளினார். வீட்டைக் காலி செய்ய மறுத்த ஒரு வழக்கறிஞரை விரட்ட மதகைத் திறந்து தண்ணீரை விட்டார் என்றும், அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் சொல்வார்கள். புது ஊரைத் திட்டமிட்டதில் பிரவுனுக்கும் பங்கு, வீட்டு வேலை பார்த்த சேம்பர்ஸுக்கும் பங்கு. வில்ட்ஷைரில் போவுட் ஏரிக்கு அடியில் ஒரு குக்கிராமமே மூழ்கிக் கிடக்கிறது. பிரவுன் முடிவெடுத்து ஊரை விரட்டவில்லை, முடிவு பிரபுக்களுடையது. ஆனால் கண்ணுக்குத் தெரியக் கூடாததை மறைத்துக் கொடுப்பதுதானே அவர் தொழில். மனிதர்களும் அந்தப் பட்டியலில் வந்தார்கள்.

இவரால் அழிந்த பழைய தோட்டங்கள் பற்றியும் புகார் உண்டு, அது உண்மைதான். நேர் வரிசையில் நின்ற சாலை மரங்களும் நீரூற்றுகளும் கத்தரித்த வேலிகளும் போயின. மன்னருக்காக ரிச்மண்ட் தோட்டத்தை மாற்றியபோது முந்தைய ராணி கரோலின் ஆசையாகக் கட்டிய வேடிக்கைக் கட்டடங்களை அடித்து நொறுக்கினார். அந்த ரிச்மண்ட் தோட்டம் இன்று கியூ தாவரவியல் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1764-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்துக்குத் தலைவராக்கினார், வீடும் அங்கேயே கொடுத்தார். அங்கே இருந்த பழைய முறைத் தோட்டத்தை மாற்றச் சொன்னபோது, தன் மேலும் தன் தொழில் மேலும் உள்ள மரியாதையால் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். கத்தரிப்பதை மட்டும் நிறுத்தினார். அங்கே 1768-ல் அவர் காலத்தில் நட்ட கறுப்பு ஹாம்பர்க் திராட்சைக் கொடி இன்றும் வருடா வருடம் பழுக்கிறது.

சேம்பர்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? கிளேர்மான்ட் கைவிட்டுப் போன எரிச்சலோ என்னவோ, 1772-ல் அவர் சீனத் தோட்டக்கலையைப் புகழ்ந்து எழுதியதில், இந்தத் தீவைக் கீரை பயிரிடத் தெரிந்த காய்கறித் தோட்டக்காரர்களிடம் விட்டுவிட்டோம், முலாம்பழப் பாத்தியிலிருந்து எழுந்து வந்து பேராசிரியராகிவிடுகிறார்கள் என்று குத்தினார். பிரவுன் உண்மையிலேயே காய்கறித் தோட்டத்திலிருந்து வந்தவர், எனவே யாரைச் சொல்கிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை நான் தோட்டக்கலை விமர்சனமாக எடுத்துக்கொள்வதில்லை, அந்தஸ்துச் சண்டை. பிரபுக்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், மன்னரோடு பேசுகிறார், 1770-ல் ஹன்டிங்டன்ஷைருக்கு ஹை ஷெரிஃப் (மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதி) வேறு, மகன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். பலருக்கு அது பொறுக்கவில்லை.

உண்மையான விமர்சனம் வந்தது அவர் இறந்த பிறகு, 1794-ல். யூவ்டேல் பிரைஸ், ரிச்சர்ட் பெய்ன் நைட் என்று இரண்டு நில உரிமையாளர்கள்: எல்லா இடத்திலும் அதே வளைவு, அதே வட்டத் தோப்பு, அதே மொழுமொழுவென்ற புல், கரடுமுரடு எங்கே, நிழல் எங்கே என்று கேட்டார்கள். இதில் நியாயம் இருக்கிறது. நாலைந்து பிரவுன் தோட்டங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் எனக்கும் அலுப்புத் தட்டும். அவருக்கு அடுத்து வந்த ஹம்ப்ரி ரெப்டன் முதலில் பிரவுனுக்காக வாதாடிவிட்டு, மெல்ல மெல்ல வீட்டை ஒட்டிப் பூப்பாத்தியையும் மேடையையும் திரும்பக் கொண்டுவந்தார். புல் வாசல் வரை வந்தால் செருப்பு நனையும், பூவும் இருக்காது. குடியிருப்பவர்களுக்கு ரெப்டன் சொன்னதுதான் வசதி.

பிரவுன் 1783 பிப்ரவரி 6 அன்று இறந்தார். தன் பழைய முதலாளியான க்ரூம் ஏர்லின் லண்டன் வீட்டுக்குப் போய்விட்டு, ஹெர்ட்ஃபோர்டு தெருவில் இருந்த மகள் வீட்டுக்குத் திரும்பும்போது வாசலிலேயே விழுந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மூச்சிரைப்பு உண்டு, அதோடுதான் அத்தனை குதிரைப் பயணமும். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் "பிரவுன் என்று ஒருவர்" என்று எழுதிய அதே வால்போல், இந்தமுறை ஒரு சீமாட்டிக்கு, உங்கள் வனதேவதைகள் துக்கத்துக்குக் கறுப்புக் கையுறை போட வேண்டியதுதான், இயற்கை அம்மையாரின் இரண்டாவது கணவர் காலமானார் என்று எழுதினார். ரிச்மண்டில் மன்னர் மட்டும் தோட்டக்காரரைப் பார்த்து, பிரவுன் போய்விட்டார், இனி நீயும் நானும் இஷ்டப்படி செய்யலாம் என்றாராம்.

அவர் வேலை செய்ததாக இப்போது 250-க்கும் மேற்பட்ட இடங்களைச் சொல்கிறார்கள். அயர்லாந்துக்கு லின்ஸ்டர் டியூக் கூப்பிட்டபோது, "இங்கிலாந்தையே இன்னும் முடிக்கவில்லை" என்று மறுத்தாராம். அவர் போகாவிட்டாலும் பாணி போனது. ரஷ்ய மகாராணி கேத்தரின் 1772-ல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் வளைந்த கோடு, மென்சரிவு, ஏரி மாதிரி குளம் என்றால் தனக்கு இப்போது பைத்தியம், நேர்கோட்டைக் கண்டாலே ஆகாது என்கிறார். 1786-ல், பின்னாளில் அமெரிக்க அதிபர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் இங்கிலாந்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார்கள், ஸ்டோவும் அதில் உண்டு.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எங்கே போகலாம்? கிளேர்மான்டில் வீடு இப்போது பள்ளிக்கூடம், தோட்டம் பழைய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம், ஆனால் அங்கே பிரிட்ஜ்மேன், கென்ட், பிரவுன் மூவரின் வேலையும் கலந்திருப்பதால் எது யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். க்ரூமும் ஸ்டோவும் நேஷனல் டிரஸ்டிடமே. ஒரே இடம்தான் முடியும் என்றால் நான் சசெக்ஸில் பெட்வொர்த்தைச் சொல்வேன். 700 ஏக்கர், மான் கூட்டம், ஓவியர் டர்னர் திரும்பத் திரும்ப வரைந்த ஏரி. வீட்டு ஜன்னலிலிருந்து ஏரியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள், தண்ணீர் முடியும் பக்கமாக நடந்து போய்க் கரையின் பின்புறம் இறங்கிப் பாருங்கள், எவ்வளவு மண் என்று அங்கேதான் புரியும். லண்டன் விக்டோரியாவிலிருந்து புல்பரோ வரை ரயில், அங்கிருந்து பஸ்.